இடதுபக்கப் பாக்கெட்

தங்கம்,

புது ஆபீஸ் பழகிடுச்சா? யாருக்காவது குடுத்துடச் சொன்னியே, அந்த டென்னிஸ் பையை போன வாரம்தான் திறந்தேன்.

காலேஜ் டீமை விட்டு நீ புரொஃபஷனலா ஆடப் போனப்ப நான் தைச்சுக் குடுத்த வெள்ளை ஸ்கர்ட் உள்ள இருந்துச்சு. பந்தைச் செருகிச் செருகி வலதுபக்க இடுப்புப் பட்டி தொளதொளன்னு ஆயிடுச்சு. சர்வ் போடறப்ப ரெண்டாவது பந்தை வச்சுக்கன்னு நான் வச்ச பாக்கெட் மட்டும் புத்தம் புதுசா இருக்கு. அப்பதான் மண்டையில உறைச்சுது. நீ இடதுகைக்காரின்னு பாக்கெட்டை இடதுபக்கம் வச்சிருக்கேன். அந்தக் கையிலதான் மட்டை இருக்குமே, பந்தை எப்படிடி எடுப்ப? ஆடின ஒரு வருஷமும் வாயைத் திறக்கலையே, அழுத்தக்காரி!

நேத்து தைக்கக் குடுத்த துணியை வாங்க வந்தவ, "உங்க பொண்ணு உலகத்துல ஆயிரத்து நூறாவது இடம்தானாமே"ன்னு இளிச்சா. "உங்க பொண்ணு எத்தனாவது?"ன்னு கேட்டேன். தைச்ச துணியை எடுக்காமலே போயிட்டா.

ஸ்கர்ட்டை யாருக்கும் குடுக்கல. பாக்கெட்டையும் பிரிச்சு மாத்தல. அப்படியே கடை வாசல்ல மாட்டியிருக்கேன். பாக்கெட் ஏன் தப்பான பக்கம் இருக்குன்னு கேக்கறவங்ககிட்ட, "தைச்சவளுக்குத் தெரியல, இதோடயே ஜெயிச்சவ என் பொண்ணு"ன்னு சொல்றேன்.

உன் தையக்கார
அம்மா