நெடுந்துறையில் மனை தேடிய ஓலை

வானம் பொய்த்தும் வாக்குப் பொய்யாத ஏழ்குள நாட்டு அதிபர், குடிகள் கஞ்சி குடித்த பின்னரே தாம் கை நனைக்கும் பொறையண்ண வேந்தர் திருமுன்பு, தங்கள் ஆணையால் நெடுந்துறைப் பட்டினம் வந்திருக்கும் தூது ஆவுடையாள் அடிவணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கொற்றம் நிலைக்க. தங்கள் குளங்களில் ஒன்றிலாவது இந்நேரம் தண்ணீர் வந்திருக்க.

அரசியார் உலகமுடையாள் நலம். நிறைமாதம் ஆதலால் கால் வீங்கியிருக்கிறது; வேறு குறையில்லை. ஓலையைப் பிரித்ததும் தங்கள் கண் தேடுவது இந்த வரியைத்தான் என்று அறிவேன். அதனால் முதலில் எழுதினேன். இனி எழுதுவது எதுவும் நல்ல சேதி அல்ல, ஐயா. அமர்ந்துகொண்டு கேட்டருள்க.

நம் நாட்டுப் பஞ்சத்தில் பிள்ளை பிறக்க வேண்டாம், அதற்குமுன் இந்நகரில் ஒரு மனை வாங்குக என்பது தங்கள் ஆணை. கோட்டை பிடிக்கச் சொல்லியிருந்தால் இதைவிட எளிதாக முடித்திருப்பேன். நாங்கள் கால் கழுவிக்கொண்டு புறப்படுவதற்குள் வீடு விற்றுப்போகிறது. காலையில் சொன்ன விலைக்கு உச்சிவேளையில் போய் நின்றால், அது காலை விலை அல்லவா என்று சிரிக்கிறார்கள். முதல் வீட்டு வாசலில் தங்கள் விருதுப் பெயர்களை முறைப்படி ஒன்றுவிடாமல் ஓதினேன். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இத்தனை பேரும் இந்தச் சின்ன வீட்டில் எப்படிப் படுப்பீர்கள் என்று வினவினார். நான் ஓதிக்கொண்டிருந்தபோதே மிளகு வணிகர் ஒருவர் பின்வாசலால் வந்து அச்சாரம் கொடுத்துவிட்டிருந்தார். ராஜா என்று சொல்லாதீர்கள் அம்மா, சொன்னால் விலை ஏறும் என்று தரகர் கோவூரன் தலையில் அடித்துக்கொண்டார். அன்று முதல் தங்களை ஏழ்குளத்துக்காரர் என்று மட்டுமே சொல்லி வருகிறேன். பொறுத்தருள்க.

நாங்கள் இருப்பது உப்பு வணிகர் சத்திரத்தில். இங்கே பிள்ளைப்பேறு ஆகாது, வலி கண்டால் வெளியேறிவிட வேண்டும் என்று சத்திரத்து மணியக்காரர் மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டார். எங்கே போவது என்று கேட்டதற்கு, அதுதான் அவருக்கும் கவலையாக இருக்கிறதாம்.

இந்நிலையில் வலைஞர் தெருவில் ஒரு வீடு வந்தது. ஒரு கூடம், ஓர் அறை, பின்புறம் ஒரு கிணறு, அவ்வளவுதான். அரசியார் கிணற்றை எட்டிப் பார்த்தவர் நகரவே இல்லை. உள்ளே தண்ணீர் தெரிந்தது, ஐயா. அதன் பிறகு வேறு வீடு பார்க்க அவர் மனம் ஒப்பவில்லை.

ஒரே வீட்டை ஒரே விலைக்குப் பலர் கேட்டால் இந்நகரத்தார்க்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்ட குடும்பங்கள் எல்லாம் அந்த வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டி, ஒரே அளவுப் பானையில் ஒரே அளவுப் பால் காய்ச்ச வேண்டும். குடும்பத்தலைவியின் கை தவிர வேறு கை படலாகாது. எவர் பால் முதலில் பொங்கி வழிந்து தரையைத் தொடுகிறதோ, வீடு அவர்க்கு. பொங்கவிட வேண்டும் என்று முந்தின நாளே அரசியாரிடம் சொன்னேன். எனக்குத் தெரியாதா என்றார்.

அடுப்பு வேலையில் அவர்க்கு ஈடு யார்? மற்றப் பெண்கள் புகையில் இருமிக்கொண்டிருக்க, நம் பானைதான் முதலில் நுரை கட்டியது. நுரை விளிம்புக்கு வந்தது. வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு எங்களை நோக்கித் திரும்பிவிட்டார். நான் குலவையிட வாய் திறந்தேன்.

அப்போது அரசியார் பக்கத்துச் செம்பிலிருந்து ஒரு கை நீரை அள்ளித் தெளித்தார். பால் அடங்கிவிட்டது.

அடுத்த அடுப்பில் சுங்க அதிகாரி மனைவியின் பால் பொங்கி வழிந்தது. அவர்கள் குலவையிட்டார்கள்.

அரசியாரை நான் ஒரு சொல்லும் கடியவில்லை. பஞ்சம் தொடங்கிய நாள் முதல் தங்கள் கஞ்சிக்கொட்டிலில் நின்று, ஒரு சொட்டும் சிந்தலாகாது என்று ஊருக்கே பழக்கியவர் அவர். வெகுநேரம் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கீழே விழப் பார்த்தது, ஆவுடையாள், கை போய்விட்டது" என்றார். பிறகு அந்தப் பாலை முற்றத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தார். பானையின் அடியையும் வழித்துக் கொடுத்தார்.

கோவூரன் இன்னொரு வீடு சொல்லியிருக்கிறார்; அடுத்த வளர்பிறையில் அங்கும் பால் காய்ச்சுவார்கள். அதற்காகச் சத்திரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அவர்க்குப் பழக்கிப் பார்க்கிறேன். வெறும் தண்ணீருக்கும் கை போகிறது. இங்கே நான் பிடித்துக்கொள்கிறேன். அங்கே பிடிக்க முடியாது.

ஆதலால் அரசே, ஆணை பெற்றே பழகிய அடியாள் இன்று ஓர் ஆணை கேட்கிறேன். என் சொல்லுக்கு அடங்காத கை தங்கள் சொல்லுக்கு அடங்கலாம். பால் பொங்கட்டும், தரையில் வழியட்டும், கையை நீட்டாதே என்று தங்கள் கைப்பட எழுதி, முத்திரை இட்டு அனுப்பியருள வேண்டும். கஞ்சிக்கு நிற்கும் வரிசையை எதிரே வைத்துக்கொண்டு இதைத் தாங்கள் எழுத வேண்டியிருக்கும் என்பதும் அறிவேன். எழுதுக. வேறு உபாயம் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு, தூது ஆவுடையாள் தன் விரல் முத்திரை வைத்து விடுத்தது. ஓலை கொண்டுவருபவன் வெகுதூரம் நடந்தவன். முதலில் அவனுக்குக் கஞ்சி ஊற்றி, பின்பு ஆணையைக் கொடுத்து விடுக. அது வந்து சேருமுன் வலி கண்டுவிட்டால், பிள்ளை நலமா என்று கேட்டருள்க. எங்கே பிறந்தது என்று மட்டும் என்னைக் கேளாதருள்க.