புள்ளி விழாத வாழ்த்து

மச்சான்,

நீ கம்ப்யூட்டர் பிளாப்பிகளைப் போட்டு வைக்கும் டின்னைப் போன கிழமை திறந்தேன். முதலில் வந்தது தேயிலை வாசம். இந்த மலை ஈரத்துக்கு எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று காய்ந்த தேயிலையைத் துணியில் பொட்டலம் கட்டி டின்னுக்குள் போட்டு வைப்பாயே, அது அப்படியே இருந்தது. அடியில் மூன்று பிளாப்பிகள். ஒன்றின் மேல் உன் கையெழுத்தில் "பாப்பா கல்யாணம்" என்று எழுதியிருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்குக் கல்யாணம். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. நம் தோட்டத்தில் யார் கல்யாணம் என்றாலும் மேடையில் வாசிக்கிற வாழ்த்துமடல் உன் வீட்டுப் பிரிண்டரில்தான் பிறக்கும். சொந்த மகளுக்கு நீ முன்கூட்டியே எழுதியது இந்தப் பிளாப்பிக்குள் இருக்கிறது. திரையில் தெரிவதெல்லாம் உனக்கு மட்டும் விளங்கிய எண்கள். அவை தமிழாக மாறுவது காகிதத்தில்தான்.

"மாமா, நீங்கதான் எப்படியாச்சும் எடுத்துத் தரணும். அப்பா என்னா எழுதியிருக்காருன்னு தெரியாம நான் மேடை ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் பாப்பா. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உனக்கே தெரியும்.

கம்ப்யூட்டரைத் துடைத்து, பழைய டிவியோடு இணைத்து, பிளாப்பியைப் போட்டேன். பிரிண்டர் பழைய கரகரப்போடு ஒரு வரி அடித்தது. குனிந்து பார்த்தேன். "அனபுளள பாபபாவுககு" என்றிருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. கவலைப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் கல்யாணத்துக்கும் இதே கூத்துதானே. மாற்றலாகிப் போன தோட்டத்துப் பெரிய தொரை விட்டுப்போன கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் நீ அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாய். ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்தால் சும்மா இருக்குமா? கட்டம் போட்ட கொப்பியில் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் பொட்டுப் பொட்டாக வரைந்து அதற்குச் சொல்லிக்கொடுத்தாய். பிரிண்டருக்கு ஒன்பது ஊசி. எட்டு ஊசிக்குள் எழுத்தை அடக்கி, மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் உச்சி ஊசிக்கு விட்டிருந்தாய். அந்த யோசனையில் உனக்கு அவ்வளவு பெருமை.

முதல் வாழ்த்து எனக்குத்தான். புள்ளியே இல்லாமல் வந்தது. இரண்டு நாள் புரோகிராமை வரிவரியாகத் தேடினாய். நான் ஆபீஸ் கிளாக்கர், எனக்கு வாய்தானே வேலை செய்யும். "அஞ்சாம் வகுப்புல புள்ளி வைக்காம அடி வாங்குனவன், இப்ப மெஷினுக்கும் அதையே பழக்கிட்டான்" என்றேன். நீ என்னோடு அரை நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் வயரைக் கழற்றிவிட்டு, "யாருகிட்ட தப்புன்னு மெஷினையே கேப்போம்" என்றாய். பிரிண்டரில் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே கரண்டைப் போட்டாய். அது யாருடைய உதவியும் இல்லாமல் இங்கிலீஷ் எழுத்துகளை அடித்தது. அதில் 'T' எழுத்துக்குத் தலைக்கோடு இல்லை, வெறும் கம்பாக நின்றது.

"பாத்தியா? என் புரோகிராம் சரி. உச்சி ஊசிதான் சிக்கியிருக்கு."

தப்பு உன்னுடையதில்லை என்று தெரிந்தபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அடுத்த நாள் என் மாப்பிள்ளைக் கோலத்தில்கூடப் பார்க்க முடியவில்லை என்று என் மனைவியிடம் இன்றும் சொல்வேன். அன்று நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஊசியைக் கழுவ டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் கேட்டோம். கல்யாணம் முடிந்த பிறகுதான் கிடைத்தது, கழுவியதும் புள்ளி ஒழுங்காக விழுந்தது. அது வராததால் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் காப்புக் கட்டிய கையோடு உட்கார்ந்து, என் வாழ்த்துக்கு நானே பேனாவால் புள்ளி வைத்தேன். நீ பக்கத்தில் இருந்து, "இது விட்டுப்போச்சு, அது விட்டுப்போச்சு" என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தாய்.

இந்த முறையும் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். 'T' மொட்டையாகத்தான் வந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பலனில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உச்சி ஊசி முறிந்தே போயிருந்தது. நீ இருந்தால் புள்ளியை வேறொரு ஊசிக்கு மாற்றிக் கொடுத்திருப்பாய். எனக்கு அந்த வித்தை வராது. மனம் விட்டுப்போய், வந்தவரை வரட்டும் என்று முழுக்க அடித்து எடுத்தேன்.

பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுத்தடுமாறி வாசித்தாள். அவள் பிறந்த அன்று நீ ஃபேக்டரியில் இருந்து மழையில் ஓடிவந்ததெல்லாம் எழுதியிருந்தாய். கடைசிக்கு முந்தின வரி இப்படி இருந்தது:

"புளளி விழாவிடடால கவலைபபடாதே. உன மாமாவிடம கொடு. அவன கலயாணததுககே அவனதான வைததான."

"ஒங்களுக்கும் வேலை வச்சிட்டுத்தான் போயிருக்காரு" என்று பாப்பா சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஊசி போய்விட்டது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சரிசெய்யாமல் எனக்கென்று விட்டிருக்கிறாய்.

பேனாவை எடுத்து முதல் வரியிலிருந்து புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் கோணலாகவில்லை. கடைசிச் சொல்லை மட்டும் அவளிடம் விட்டேன். "அபபா" என்றிருந்தது. பாப்பா பேனாவை வாங்கி அந்த ஒரு புள்ளியை வைத்தாள்.

பேனா என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் வாசிக்கப்போவது நான்தான். உன் எழுத்தில் எங்காவது ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால், அங்கேயே வைத்துவிடுகிறேன்.