தற்போது காலியிடம் இல்லை

மார்ச் 4

பல் தேய்ப்பதற்கு முன்பே மடிக்கணினியைத் திறந்தேன். நூற்று எண்பத்தாறு மெயில். மருத்துவமனைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனிக்கு இத்தனையா? "எல்லாத்தையும் நீயே தலையில தூக்கிக்கணுமா? ஏஐகிட்ட விடேன்" என்றார் இவர்.

விட்டேன். அவசரமானதை மேலே வை. மற்றதைப் பிறகு காட்டு. வேலை கேட்டு எழுதுகிறவர்களுக்கு நீயே பதில் அனுப்பு. அந்தப் பதிலையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 7

மேலே பன்னிரண்டுதான். சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 13

ஒரு அளவுப் பட்டியலைத் தேடி 'பிறகு' என்ற பகுதிக்குள் போனேன். அங்கே அக்காவின் மெயில். ஒன்பதாம் தேதியே வந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியூர் போனவள். போனில் பேச மாட்டாள், எப்போதாவது மெயில்தான். இந்த முறை மூன்றே வரி.

"இங்க ஒரு பெரிய ஆலையில கூப்பிடறாங்க. இருபதாம் தேதி சேரணும். அதுக்கு முன்னாடி உன்னைக் கேக்கறேன், கட்டிங் டேபிள்ல எனக்கு இடம் இருக்கா?"

அதற்குக் கீழே, என் பெயரில் போன பதில்: "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. தற்போது காலியிடம் இல்லை. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்."

வாழ்த்துகளாம்! எனக்குக் கத்தரி பிடிக்கக் கத்துக்கொடுத்தவளுக்கு. இந்தக் கம்பெனியே அவ ஆரம்பிச்சதுதானே — ஐயோ.

மார்ச் 14

ஒன்பதாவது தடவை அழைத்தபோது அக்கா போனை எடுத்தாள்.

"அது நான் எழுதலைக்கா. ஏஐ தானா அனுப்பிடுச்சு."

"பரவால்லடி. உன்னைவிட மரியாதையா எழுதுது."

"சத்தியமாக்கா, அவசரமானதை மட்டும்தான் அது மேல காட்டும், உன்னோடது—"

"நம்பறேன். அவசரமானதெல்லாம் மேல வரும்ங்கற. நான் எப்படி அடியில போனேன்?"

வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை.

மார்ச் 15

அதையே ஏஐயிடம் கேட்டேன். இந்த முகவரியிலிருந்து இதற்கு முன் வந்த ஏழு மெயில்களையும் நீங்கள் இரண்டு மூன்று வாரம் கழித்தே திறந்தீர்கள், அதனால் முக்கியமில்லை என்று எடுத்துக்கொண்டேன் என்றது.

பொய் இல்லை. அக்காவின் மெயிலை வேலைக்கு நடுவே திறக்க எனக்குத் தைரியம் வராது. நிதானமாகப் படிக்கலாம் என்று தள்ளித் தள்ளி வைப்பேன். என் பயம் அதற்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது. அக்காவுக்கு மட்டும் வேறு மாதிரியா தெரிந்திருக்கும்? நான் என்றைக்காவது சொன்னேனா?

மார்ச் 17

"மன்னிப்பு கேட்டு ஒரு மெயில் போடு. ஏஐயே உருக்கமா எழுதிக் குடுக்கும்" என்றார் இவர். முறைத்தேன். "சரி தாயே, நான் வாயே திறக்கலை."

மதியம் சூப்பர்வைசர் வந்து நின்றார். "கட்டிங்குக்கு ஆள் இல்லாம திண்டாடறோம் மேடம். நாளைக்கு ஒருத்தரை வரச் சொல்லட்டுமா?"

"காலியிடம் இல்லை" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

இன்னும் மூன்று நாள்.

மார்ச் 18

அக்கா இருக்கும் ஊருக்கு நாளைக் காலை முதல் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தேன். ஏஐ உடனே ஒரு குறிப்பு காட்டியது: போவதற்கு ஒரு டிக்கெட், திரும்புவதற்கு இரண்டு. தவறா?

தவறில்லை என்று அழுத்தினேன்.

இவரிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. இப்போதைக்கு அதற்கு மட்டும்தான் தெரியும்.