பெரிய அட்டை தூங்க வேண்டும்

மார்ச் 3, 2014. ரியேகா

ஊரே முகமூடி மாட்டிக்கொண்டு திருவிழாவில் திரிகிறது. நான் தங்கை நெவென்கா வீட்டில், அவளுடைய லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இரண்டு கிராபிக்ஸ் அட்டைகள். சின்னது அன்றாட வேலைக்கு, பெரியது விளையாட்டுகளுக்கு. நான் போட்டுக் கொடுத்த லினக்ஸ் சிஸ்டத்தில் அந்தப் பெரியது தூங்க மறுக்கிறது. சும்மா இருந்தே சூடாகிறது, விசிறி இரைகிறது, அவள் கைக்குழந்தை வீதோ எழுந்துகொள்கிறான். அம்மா பக்கத்தில் இல்லாமல் அவன் தூங்கவும் மாட்டான். அவன் தூங்கும் நேரத்தில்தான் அவள் படங்களுக்கு சப்டைட்டில் எழுதியாக வேண்டும்.

"அண்ணே, உன் பேச்சைக் கேட்டுத்தான் லினக்ஸுக்கு மாறினேன். மாசக் கடைசிக்குள்ள இந்தப் படத்தை முடிச்சுக் குடுக்கலைன்னா அடுத்தது எனக்கு வராது, பாத்துக்கோ."

மாப்பிள்ளை டூயே பணியாரத் தட்டை நீட்டினார். "பழைய சிஸ்டத்தையே போட்டுடலாமா மச்சான்? சும்மா கேட்டேன்." மெதுவாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

மார்ச் 6

வியாழக்கிழமைக் கூட்டம், பழைய காகித ஆலையின் மாடியில். பெரிய அட்டையைத் தூங்க வைக்கும் நிரலை நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம், யாருக்கும் சம்பளம் கிடையாது. எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் தங்கள் லேப்டாப்பின் விவரங்களை அனுப்புகிறார்கள். என் பங்கு, திரை மூலையில் ஒரு குட்டி விளக்கு. பெரிய அட்டை தூங்கினால் பச்சை, விழித்திருந்தால் சிவப்பு. எல்லோருக்கும் பிடித்தது அதுதான். போர்ச்சுகல்காரர் ஒருவர் விளக்குக்கென்றே தனியாக நன்றி எழுதியிருந்தார். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

புதிய லினக்ஸில் பெரிய அட்டை வேலையில்லாதபோது தானாகவே தூங்கிவிடுமாம். நம் நிரல் அனுமதி கொடுத்தால் போதும். கொடுத்துப் பார்த்தேன். நெவென்காவின் லேப்டாப்பில் சிவப்பு.

மார்ச் 8

சிவப்பு.

மார்ச் 11

போலந்திலிருந்தும் கடிதங்கள்: "இங்கேயும் சிவப்புதான், பேட்டரி முன்னைவிட சீக்கிரம் தீர்கிறது." நிரலைப் போட்ட பிறகு மோசமாகிறதா? அதெப்படி?

மார்ச் 13

எங்களோடு நிரல் எழுதும் ஷீமே கூட்டத்துக்குத் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். அச்சு அசல் நெவென்காவினுடையதே. சத்தமே இல்லை. விளக்கை அவன் போட்டுக்கொள்வதே இல்லை.

"கறுப்புத் திரையில நாலு எழுத்து தெரிஞ்சா எனக்குப் போதும்டா. உன் விளக்கை சாமி படத்துக்கு முன்னாடி வேணா வெக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். அவனுடையது பிறகு வந்த சரக்காக இருக்கும் என்று முடிவு கட்டினேன். மண்டையில் மசாலா இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன்.

மார்ச் 16

ஞாயிறு. நெவென்கா குழந்தையோடு அறையில் படுத்திருந்தாள். லேப்டாப் சமையலறை மேஜையில், வழக்கம்போல இரைச்சலோடு. டூயே கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்தார். குழந்தை தூங்கிவிட்டானா என்று நான் கதவைத் திறந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. மூன்றாவது தடவை கதவு கிறீச்சிட்டது. வீதோ வீறிட்டான்.

நெவென்கா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். "தூங்கறானான்னு பாக்கப் போய் எழுப்பி விட்டுட்டு வர்றியே அண்ணே, உனக்கே நியாயமா இருக்கா? நீ பாக்காம இருந்தாலே அவன் தூங்குவான்."

கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். என் விளக்கு என்ன செய்கிறது? சில விநாடிக்கொரு தரம் பெரிய அட்டையையே கேட்கிறது — தூங்குகிறாயா? பதில் சொல்ல அது எழுந்தாக வேண்டும். எழுந்ததும் சிவப்பு. அட்டை திரும்பக் கண்ணயரப் போகும், விளக்கு திரும்பக் கேட்கும். ச்சே. நான்தான். இத்தனை நாளும் நானேதான் எழுப்பிக்கொண்டிருந்தேன்.

விளக்கை நீக்கினேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் சாப்பிடவில்லை. விசிறி இறங்கி இறங்கி நின்றது. டூயே, "கெட்டுப்போச்சா மச்சான்?" என்றார்.

மார்ச் 20

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அட்டையைத் தொடாமல் சிஸ்டத்திடம் கேட்கிற மாதிரி வேறொரு விளக்கு எழுதலாம் என்றான் ஷீமே. எழுதலாம், அவசரமில்லை. முதலில் இது போக வேண்டும். நிரலிலிருந்து நானே எடுத்தேன், காரணத்தை என் பெயரிலேயே எழுதினேன்.

"வலிக்குதாடா?"

"வலிக்குது."

காபி வாங்கிக் கொடுத்தான். ஷீமே காபி வாங்கிக் கொடுப்பது லேசுப்பட்ட விஷயமில்லை.

மார்ச் 22

போலந்திலிருந்து: பேட்டரி இப்போது நெடுநேரம் தாங்குகிறது. போர்ச்சுகல்காரர் மட்டும் கோபமாக எழுதியிருக்கிறார்: "விளக்கு இல்லாமல், அது தூங்குகிறதென்று நான் எப்படி நம்புவது?" பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதி அழித்தேன்.

மார்ச் 30

நெவென்கா வீட்டுக்குப் போனேன். அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே கடைசிக் காட்சியை எழுதிக்கொண்டிருக்கிறாளாம், நாளைக்கு அனுப்ப வேண்டும். வீதோ அவள் மடியிலேயே தூங்குகிறானாம். டூயே உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

காதைக் கொடுத்துக் கேட்டேன். விசிறிச் சத்தம் இல்லை. குழந்தையின் சத்தமும் இல்லை. இரண்டும் தூங்குகிறதா? கைப்பிடியில் கை வைத்தேன்.

எடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய் உட்கார்ந்தேன்.