மூன்றாவது கருவி

அன்புள்ள அக்கா,

நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் நேற்றே தபாலில் போய்விட்டது. அதன் பின்னாலேயே இது வருகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கதவு அசைந்தாலே தாளைக் கணக்குப் புத்தகத்துக்குள் தள்ளிவிடுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

அங்கேயே வேலையில் இருக்க மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு என்று அப்பா எழுதச் சொன்னார், எழுதினேன். எழுதும்போது ஏனோ நம் வெந்நீர்ச் சண்டைதான் ஞாபகம் வந்தது. நீ குளியலறைக்குள் நின்று சுடுகிறது என்று கத்துவாய், வெளியே அப்பா வெந்நீர்க் குழாயைத் திருகிக் குறைப்பார், ஏற்கெனவே கிளம்பிய வெந்நீர் வந்துகொண்டே இருக்கும், நீ மறுபடி கத்துவாய், அவர் இன்னும் திருகுவார், கடைசியில் உன் தலையில் பச்சைத் தண்ணீர் கொட்டும். "வானத்துல போற விமானத்தை ஆடாம வைப்பாராம், வீட்டுல ஒரு வாளி தண்ணி விளாவத் தெரியல" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள். விமானத்திலும் இதே கதைதான் என்பார் அப்பா. இறக்கை சாய்ந்தால் கருவி சொல்லும், ஆட்டோபைலட் கணினி எவ்வளவு சாய்ந்ததோ அதற்கேற்பத் திருத்தும், திருத்தியது போதுமா என்று மறுபடி கருவியையே கேட்கும், இப்படி ஓயாமல் கேட்டுக் கேட்டுத்தான் நேராகப் போகிறது, திருத்தம் தாமதமானாலோ அதிகமானாலோ விமானம் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்துவிடும் என்பார். நீ ஈரத் தலையோடு கேள்வி மேல் கேள்வி கேட்பாய், நான் புரியாமலே தலையாட்டுவேன். இப்போது குளியலறையில் யாரும் கத்துவதில்லை அக்கா.

இப்போது ஆடுவது அப்பாவின் வலது கை. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. தம்ளரை எடுக்கப் போனால் கை அதைத் தாண்டிப் போகிறது, திரும்புகிறது, மறுபடி தாண்டுகிறது. அம்மா தேநீரைப் பாதித் தம்ளர்தான் ஊற்றுகிறாள், சட்டைப் பொத்தானையும் அவள்தான் போட்டுவிடுகிறாள். "என் ஆட்டோபைலட்டுக்கு சர்வீஸ் பண்ற நேரம் வந்துடுச்சு" என்று அப்பா சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் உடனே காட்டச் சொல்லியிருக்கிறார்கள், அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். சின்னவள் எழுத்துப் பழகட்டும் என்று கடிதம் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்ததும் இதனால்தான். "பெரியவளுக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா, அவ பறக்கட்டும், நாம காலைப் பிடிச்சு இழுக்கக் கூடாது" என்று எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிவிட்டார். அதை மீறுவது பயமாக இருக்கிறது, அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஒரு நாள் நீ கேட்டாய், கருவியே பொய் சொன்னால் என்ன ஆகும் என்று. விமானம் அந்தப் பொய்யை நம்பித்தான் போகும், அதனால்தான் மூன்று கருவி வைக்கிறோம், இரண்டு ஒத்துப்போனால் மாறிச் சொல்லும் மூன்றாவதைக் கணினி தள்ளிவிடும் என்றார் அப்பா. அந்த இரண்டும் சேர்ந்து தப்பாகச் சொன்னால் என்று நீ விடவில்லை. அப்பா சொன்னார்: "அப்போ ஓட்டறவங்கதான் ஜன்னல் வழியா எட்டிப் பாக்கணும்டி."

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா நல்லா இருக்கேன் என்பார், அம்மாவும் அதையேதான் சொல்வாள். நான் எதற்கெடுத்தாலும் அழுகிறவள், என் பேச்சைத் தள்ளிவிடுவது சுலபம். தள்ளிவிடாதே. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை வந்து பார். பார்த்த பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் போ, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. வருகிற நாளையும் முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னால் அன்றைக்கு முழுவதும் அப்பா கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
சுண்டெலி