மழைக்காலத்துத் தேரைகள்

திருவனந்தபுரம்
24-6-1967

அன்புமிக்க அண்ணனுக்கு,

உழைக்கும் பெண்களின் உடன்பிறப்பே, கேள்! மேடையில் நீ முழங்க, தெருவே நின்று கேட்கும். இன்று உன் தங்கை முழங்குகிறேன்; நீ நின்று கேள். சாலை என்னும் கடைத்தெருவின் துணிக்கடைகளில் நம் தமிழ்ப் பெண்கள் காலைமுதல் கால்கடுக்க நிற்கிறார்களே, அவர்களில் ஒருத்திக்கு அநீதி நேர்ந்திருக்கிறது. ஏனென்று கேட்க இந்த ஊரில் ஆளில்லை.

அவள் பெயர் பூமாரி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தாய் சுடலைமாடத்தியோடு பிழைக்க வந்தவள். குற்றாலலிங்கத்தின் துணிக்கடையில் வேலை. அத்தை மகனுக்குப் பேசி முடித்து, ஆவணியில் திருமணம் என்று இருக்கிறார்கள். சில வாரங்களாகத் தலைசுற்றல், வாந்தி, மாதவிலக்கும் நின்றிருக்கிறது. கடையில் மயங்கி விழுந்த அன்றே முதலாளி அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். தாய் அவளை எங்கள் விஜயம் டாக்டரிடம் அழைத்து வந்தாள். டாக்டர் கருச்சோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்தச் சோதனை என் கைவேலை. பெண்ணின் காலைச் சிறுநீரை ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவேன். சில மணிநேரம் கழித்துத் தேரையின் நீரை எடுத்து நுண்ணோக்கியில் வைப்பேன். அதில் ஆண் உயிரணு நெளிந்தால் அந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்பது பொருள். நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும். என் பிழைப்பு இது. பூமாரிக்காக ஊசியிட்ட இரண்டு தேரைகளிலும் நெளிந்தது.

சரக்கு வரும் நாள்களில் முதலாளி அவளை நேரம் கடந்தும் நிறுத்திக்கொள்வாராம்; தாய் சொல்லி அழுதாள். இதற்குமேல் சான்று எதற்கு? சாலைக்கு வா. வந்து பேசு.

உன் தங்கை
லீலாபாய்

*

நாகர்கோவில்
27-6-1967

என் உயிரனைய தங்கைக்கு,

உன் மடல் கண்டேன். காரியம் இருந்தால்தான் உனக்கு அண்ணன் நினைவு வரும். அம்மை அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்படுகிறாள். ஆயினும் இம்முறை உன் எழுத்தில் நம் தந்தையின் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டிய தமிழை நமக்கும் ஊட்டி வளர்த்தாரே, அந்தத் தமிழ் ஏழைக்கு உதவாவிட்டால் வேறு யாருக்கு உதவும்?

வரும் ஞாயிறு மாலை சாலையில் கூட்டம். கடைத்தொழிலாளர் சங்கத்தார் ஒலிபெருக்கிக்குச் சொல்லிவிட்டார்கள். குற்றாலலிங்கத்தின் பெயரை நான்கு திசையும் கேட்கச் சொல்வேன். அந்தப் பெண்ணின் பெயரை என் நா உச்சரிக்காது; அதற்கு நான் பொறுப்பு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சோதனை உறுதிதானே? உன் சொல்லை நம்பி வாளை உருவுகிறேன். மறுப்பு வராவிட்டால் உறுதி என்றே கொள்வேன்.

உன் அண்ணன்
ஞானசிகாமணி

*

திருவனந்தபுரம்
6-7-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். மழை தூறியும் ஒருவர்கூட நகரவில்லை. தொடக்கத்தில் என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். இவன் என் அண்ணன் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லவும் வாயெடுத்தேன்.

அந்த நேரத்தில் நீ சொன்னாய்: “ஒற்றைக்கல் மூக்குத்தியும் கிழிந்த தாவணியுமாக, கையில் பிடித்த அளவுகோலோடு மயங்கி விழுந்தாளே ஒரு மங்கை, அவள் வயிற்றில் வளர்வது யாருடைய பாவம்?” நீ பெயரைச் சொல்லவில்லை, அண்ணா. ஆனால் சாலையில் மயங்கி விழுந்தவள் ஒருத்திதான். பக்கத்தில் நின்றவள் தன் தோழியின் விலாவில் இடித்து, “ஏட்டி, நம்ம பூமாரியல்லா சொல்லுதாரு” என்றாள். தோழி சிரித்தாள். நான் தலையில் முக்காடிட்டுக்கொண்டு அங்கிருந்து நழுவினேன்.

மறுநாள் குற்றாலலிங்கத்தின் கடைக்குக் கல் விழுந்தது. அவர் மனைவி பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். செய்தி சரக்கு லாரியில் ஏறிச் சங்கரன்கோவிலுக்கும் போயிற்று. பரிசம் போட்ட புடவையைத் திருப்பிக் கேட்டு அத்தை வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது.

பூமாரி ஒன்றும் நடக்கவில்லை என்று தாயின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள். தாய் விளக்குமாற்றால் அடித்தும் அதையே சொல்கிறாள். மறைக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

லீலாபாய்

*

நாகர்கோவில்
9-7-1967

அன்புத் தங்கைக்கு,

தொண்டை கட்டிவிட்டது, அம்மை மிளகுநீர் காய்ச்சித் தருகிறாள். உன்னைப் பூவன் வாழைக்குலை அறுக்கும்போதாவது வரச் சொன்னாள். கொல்லத்திலிருந்தும் புனலூரிலிருந்தும் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். சாலைப் பேச்சைப் பற்றித்தான் எங்கும் பேச்சாம்.

சங்கத்தார் சொல்லக் கேட்டு மூக்குத்தியைச் சொன்னதற்காக நீ நோகலாமா? கேட்பவன் கண்ணில் ஓர் உருவம் நிற்காவிட்டால் அவன் உள்ளம் கொதிக்காது. அந்தப் பெண் மறுப்பது இயல்பு. அஞ்சிப் பழகியவர்கள் உண்மையைச் சொல்லவும் அஞ்சுவார்கள். இன்று தூற்றும் தெரு நாளை அவளைத் தூக்கி நிறுத்தும். நீ சாப்பிடு.

ஞானசிகாமணி

*

திருவனந்தபுரம்
15-7-1967

அண்ணா,

பூமாரி கருவுறவில்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இப்போது மீண்டும் எடுத்திருக்கிறேன்.

எங்களுக்கு வித்துராப் பக்கத்து வயல்களிலிருந்து தேரை பிடித்து வருபவர் மைதீன். ஆணையும் பெண்ணையும் வேறு வேறு சாக்கில் கட்டிக் கொண்டுவருவது அவர் வழக்கம். நேற்று வந்தவர் சாக்கை இறக்கிவிட்டுச் சிரித்தபடி சொன்னார்: “அக்கா, மழ பெய்ஞ்சாப் பின்ன இதுக்கு ஊசி எதுக்கு? போன தடவ சாக்கு கிழிஞ்சு போச்சு, ஆணும் பெண்ணும் ஒண்ணாக் கெடந்து ஒரே கல்யாணந்தான். நீங்க அன்னைக்குத் திட்டுவீங்கன்னு நெனச்சேன், ஒண்ணும் பறையல்லியே.”

போன தடவை வந்த சாக்கிலிருந்துதான் பூமாரிக்குத் தேரை எடுத்தேன்.

மழைக்காலத்தில் பெண் தேரையோடு கிடந்த ஆண், ஊசி இல்லாமலே உயிரணுவை வெளியிடும். அதனால் ஊசியிடுமுன் ஒவ்வொரு தேரையின் நீரையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நெளிந்தால் அந்தத் தேரையை ஒதுக்க வேண்டும். எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் அது. அன்று தேரை வந்து சேரவே பிந்திவிட்டது. தாய் வாசலில் அழுதுகொண்டிருந்தாள். நான் பார்க்காமல் ஊசியிட்டேன்.

மைதீன் போனதும் அந்தச் சாக்கில் மீந்து தொட்டியில் கிடந்த தேரைகளைச் சோதித்தேன். ஊசி படாத அவற்றிலும் நெளிந்தது. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் பூமாரியை வரவழைத்துத் தாமே பரிசோதித்தார். கரு இல்லை, இருந்த அடையாளமும் இல்லை. இரத்தம் வற்றிப்போன உடம்பு; மயக்கமும் மாதவிலக்கு நின்றதும் அதனால்தான். நிற்கவைத்தே வற்றவைத்த உடம்பு. புதிய தேரைகளில் முறைப்படி மீண்டும் சோதித்தேன். ஒன்றுமில்லை.

என்னை வேலையைவிட்டு நீக்குவார் என்று எதிர்பார்த்தேன். “லீலா, இனி நீ கண்ணாடித் தகடு கழுவினால் போதும்” என்றார். அதைவிட நீக்கியிருக்கலாம்.

சோதனை உறுதிதானா என்று நீ கேட்டாய். நான் மறுப்பு எழுதவில்லை. இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

லீலாபாய்

*

நாகர்கோவில்
18-7-1967

லீலா,

மூன்று தாள்களைக் கிழித்துவிட்டு நான்காவதில் எழுதுகிறேன். அம்மை என்னவென்று கேட்டாள், வயிற்றுவலி என்றேன்.

நுண்ணோக்கியில் பார்த்தவள் நீ. பேசியவன் நான். ஊர் சிரிக்கப்போவது என்னைப் பார்த்து.

நிதானமாகச் சிந்தித்துப் பார். நான் சொன்னது தவறு என்று நானே சொன்னால், நாளை உண்மையாகவே கெடுக்கப்பட்ட பெண்ணுக்காக வாய்திறக்கும்போது யார் நம்புவார்? முதலாளிகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். குற்றாலலிங்கம் என்ன அப்பழுக்கற்றவனா? மயங்கி விழுந்தவளை வேலையைவிட்டு நிறுத்தியவன்தானே?

ஒரு வழி தோன்றுகிறது. மாபெரும் விளக்கக் கூட்டம் ஒன்று போடுவோம். ஏழைப் பெண்களின் மானத்தைத் தேரையின் முதுகில் ஏற்றும் ஆய்வுக்கூடங்களைக் கண்டித்துப் பேசுகிறேன். பூமாரியையே மேடைக்கு அழைத்து மாலையிடுவோம். பழி துடைக்கப்படும்; இயக்கமும் தலைகுனியாது. அந்தப் பெண்ணிடம் கேட்டு எழுது.

ஞானசிகாமணி

*

திருவனந்தபுரம்
21-7-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எழுதியபடியே பூமாரியிடம் போய்க் கேட்டேன். சாலைக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஓர் அறை. தாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். பூமாரி உட்காரச் சொல்லவில்லை; நான் நின்றுகொண்டே சொன்னேன். சாக்கு கிழிந்ததைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், பார்க்காமல் ஊசியிட்டதைச் சொன்னேன், தேரை பொய்க்குறி காட்டிவிட்டது என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “தவள பொய் சொல்லிட்டுங்கிய. தவள வீடு வீடாப் போயாக்கா சொல்லிச்சு? நீங்கல்லா சொன்னிய.”

அண்ணா, சோதனை மெய்யாகவே இருந்திருந்தாலும் அதை உனக்கு எழுத எனக்கு உரிமை ஏது? ஒரு பெண்ணின் உடம்பில் கண்டதை அவளுக்கும் டாக்டருக்கும் மட்டும் சொல்ல வேண்டிய நான், அவளுக்குச் சொல்லுமுன் உனக்கு மடல் எழுதினேன். அவளுக்காகக் கொதித்தேன் என்று நினைத்திருந்தேன். என் சொல்லை எடுத்து நீ ஊரறிய முழங்குவாய் என்ற ஆசையும் அதில் இருந்தது. தேரையைத் தொட்ட கையை நாள்தோறும் கழுவுகிறேன். இதை எந்தச் சோப்புப் போட்டுக் கழுவுவது?

மேடை, மாலை என்றதும் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “மறுபடியும் மைக்குல என் கதயா? வேண்டாங்க்கா. என்னப் பாக்காதவனும் வந்து பாப்பான்.” என்ன செய்யட்டும் என்று கேட்டேன். “ஒங்கண்ணன் பேசுனதக் கேட்டவங்கிட்ட எல்லாம் அவரே போயிச் சொல்லட்டும். கத்தாமச் சொல்லட்டும். பொறவு எங்க அத்த வீட்டுலயும் வந்து சொல்லட்டும்” என்றாள். இவ்வளவுதான் அவள் கேட்பது.

இயக்கம் தலைகுனியும் என்கிறாய். குனியட்டும். குற்றாலலிங்கம் மயங்கியவளை நிறுத்தியதற்காக அவரை நீ எத்தனை முறை வேண்டுமானாலும் கேள். செய்யாததற்காக அவர் பிள்ளைகள் ஏன் தாயின் பிறந்த வீட்டில் ஒளிந்திருக்க வேண்டும்? ஆய்வுக்கூடங்களைக் கண்டிக்கப் போவதாகச் சொல்கிறாய். கண்டிக்க வேண்டியது ஆய்வுக்கூடத்தை அல்ல, என்னை. என் பெயரைச் சொல், நான் பக்கத்தில் நிற்பேன். ஆனால் மேடையில் நின்று சொல்லாதே. மேடை ஏறினால் உன் வாயில் பிழையும் அழகாகிவிடும். கேட்டவர்கள் கைதட்டிவிட்டுப் போவார்கள்.

நேற்று நான் தனியாகத் தொடங்கினேன். முதல் கடையின் படிவரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாவது கடைக்காரர், “நீயாரம்மா அதச் சொல்ல? சொன்னவன வரச் சொல்லு” என்றார். அவர் சொன்னது சரி. என் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை; கெடுத்த வாய்தான் திருத்த வேண்டும்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டார் புடவையை வாங்கிப்போக வருகிறார்கள். நமக்கு இருப்பது நாளையும் நாளைமறுநாளும் மட்டும். புனலூர்க் கூட்டத்தை நிறுத்து. இந்த மடலைப் படித்து முடித்ததும் மடித்து வைக்காதே, மறுமொழி எழுதாதே. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பேருந்தில் ஏறு. கிழக்கேகோட்டையில் இறங்கு, நான் நிற்கிறேன். சாலையின் முதல் கடையிலிருந்து கடைசிக் கடைவரை, ஒலிபெருக்கி இல்லாமல், ஒவ்வொரு படியாக ஏறி, “நான் சொன்னது பொய், அந்தப் பெண் குற்றமற்றவள், குற்றாலலிங்கமும் இதில் குற்றமற்றவர்” என்று உன் வாயால் சொல். அங்கிருந்து அன்றே சங்கரன்கோவிலில் அவள் அத்தை வீட்டுக்கு வா.

எழுந்திரு அண்ணா. இப்போதே புறப்படு.

லீலாபாய்