பெரியவன் கட்டத்தில் போட்ட கோடு

என் செல்லச் சுண்டெலிக்கு, பொத்தான் தைத்தே கண்ணைப் பாழாக்கிக்கொண்ட உன் அம்மா எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் சொல்வாய், நானும் நம்பினதாகச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "அண்ணன் எப்பம்மா செத்தான்? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் பாலே வாங்கவில்லை. உன் அண்ணன் சாகவில்லையடி, உயிரோடுதான் இருக்கிறான். கண்ணைத் துடைத்துவிட்டு மேலே படி.

நோயாளிகளின் குடும்பத்தைக் கிளறுவதற்கு முன்னால், பயிற்சிக்கு வந்த நீங்கள் எல்லாரும் அவரவர் குடும்பத்தை வரைந்து கொண்டுவர வேண்டும் என்று உங்கள் பெரிய டாக்டர் சொன்னாராமே. நீ அனுப்பிய தாளை நான் சும்மா நிரப்பவில்லை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் சாய்வாக ஒரு கோடு. வட்டத்துக்கெல்லாம் சட்டைப் பொத்தானை வைத்து வரைந்தேன். உன் பெரிய அத்தை ஜென்மத்தில் முதல் தடவையாக மற்றப் பெண்கள் அளவுக்கு வந்தாள்.

தாத்தாவுக்குக் கோடு, சித்தப்பாவுக்குக் கோடு, அப்பாவுக்குக் கோடு. அதே கையோடு பெரியவன் கட்டத்திலும் இழுத்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. கையில் பிள்ளையோடு தனியாக நின்றவளைக் கட்டிக்கொண்டான் என்று, "அவன் செத்துட்டான், இனிமே எனக்கு ஒரே பிள்ளைதான்" என்றாரே அப்பா, அன்றிலிருந்து பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் அப்படித்தானே பேச்சு. யாராவது எத்தனை பிள்ளை என்று கேட்டால் என் வாய் தானாக ஒன்று என்கிறது.

நீ சொன்ன மற்றதையும் நான் மறக்கவில்லை. மூன்று ஆண்களும் ஐம்பத்தைந்தைத் தாண்டாமல் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கிறார்களே என்று பெரிய டாக்டர் தாளில் விரலை வைத்தாராம். இதயத் தசை தடித்துப்போகிற பரம்பரை நோயாக இருக்கலாம், பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வரலாம் என்றாராம். உன் நெஞ்சை ஸ்கேன் பண்ணிப் பார்த்ததில் இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றாய். பெருமூச்சு விட்டேன். விட்ட பிறகுதான் பெரியவன் ஞாபகம் வந்தது. அவனுக்கு முப்பத்துநான்கு வயது. லிஃப்ட் பழுது பார்க்கிறான். அவனுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். சொல்கிறேன், அவசரப்படாதே.

உன் அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் துணி காயாதே. ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதே. நாள் முழுக்க வியாதியைப் பற்றிப் பேசினேன், அதைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றாய். நான் உன்னைவிடத் தேவலை. கம்பெனியில் சண்டை போடவாவது ஆள் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் டிவியை ஓடவிட்டுத்தான் சமையல். நேற்று செய்தி வாசிக்கிறவனிடம் உப்பு போதுமா என்று கேட்டுவிட்டேன். நல்லவேளை, அவன் பதில் சொல்லவில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும். அப்பா போய் ஒரு மாதம் கழித்து, நீ பரீட்சைக்குத் திரும்பிப் போன பிறகு, பெரியவன் வந்தான். நல்ல பகல். "அம்மா, நான்தான்" என்றான். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நான் இந்தப் பக்கம் நின்றேன். துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த உன் பெரிய அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் பழி போட மாட்டேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை. திறக்காத கை என்னுடையதுதான். அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கதவுக்கு அடியில் ஒரு சீட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். முகவரி, பார்க்கிற வேலை, மகள் பிறந்த தேதி. திட்டி ஒரு வரி இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது எழுதியிருப்பேன்.

அவன் இருப்பது உன் ஊரில்தான். நீ அங்கே பயிற்சிக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருக்கலாம். முகவரியைச் சொன்னால் கதவைத் திறக்காததையும் சொல்ல வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அங்கே பேச ஆளில்லாமல் நீயும், பிறந்த வீடு இல்லாமல் அவனும் இருந்ததற்கு என் வெட்கம்தான் காரணம்.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். தாளையும் புதிதாக வரைந்து அனுப்புகிறேன். பெரியவனுக்குக் கோடில்லாத கட்டம். அதற்குக் கீழே அவன் மகளுக்கு ஒரு வட்டம். அவள் அளவுக்குப் பொத்தான் தேடத்தான் நேரமாகிவிட்டது.

இந்த வாரமே போ. முதலில் நோயைச் சொல், எப்போது ஆஸ்பத்திரிக்கு வந்து நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்று சொல். அம்மா அனுப்பினாள் என்று சொல்லாதே, நான் சொல்லி அவன் கேட்க வேண்டும் என்று எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவனும் குழந்தையும் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

யார் என்று கேட்டுவிட்டு அவன் திறக்காமல் இருந்தாலும் இருப்பான். அவனைப் போல ஒரு சீட்டைத் தள்ளிவிட்டு உடனே திரும்பிவிடாதே. இன்னும் கொஞ்சம் நில்லடி, கண்ணு. உள்ளே தாழ்ப்பாளில் கை இருக்கும்.

நீங்கள் எல்லாரும் நெடுநாள் இருக்க வேண்டும்.

அம்மா